பனிமூட்டக் கோஷ்டி சிரிக்கத் தொடங்கியபோது

1

போன சனிக்கிழமை, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் நகரத்தில், நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில், லீக்ஸ் அடுக்கியிருந்த தட்டுக்கு முன்னால் நின்று நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கூரையில் இருந்த ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. முதலில் என் கை மட்டும்தான் தள்ளுவண்டிலின் கம்பியில் தட்டியது. பிறகு காலும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த டேனிஷ் மனுசி ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானும் தலையை ஆட்டினாள்.

"இஞ்சாருங்கோ, ஆக்கள் பாக்கினம்" என்றாள் என் மனைவி வசந்தி.

"பாக்கட்டும்."

"பேரப்பிள்ளை காணுற வயசு உங்களுக்கு."

"அதுதான் இப்பவே பழகிறன்."

அவள் லீக்ஸ் கட்டைத் தூக்கி வண்டிலுக்குள் போட்டுவிட்டு முன்னால் நடந்தாள். ஆனால் பால் இருக்கும் இடத்துக்குப் போவதற்குள் அவளும் அதே மெட்டை முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

ஊரில் இருக்கும் சிநேகிதர்கள் தொலைபேசியில் கதைக்கும்போது, "அங்கை என்ன பாட்டுக் கேக்கிறனீங்கள்?" என்று கேட்பதுண்டு. பழைய சினிமாப் பாட்டு, தேவாரம், நாதஸ்வரம் என்று சொன்னால் அவர்களுக்குத் திருப்தி. உண்மையைச் சொன்னால் குடிவெறியில் கதைக்கிறேன் என்று நினைப்பார்கள். பல வருசமாக நான் அதிகம் கேட்டு வருவது ஐஸ்லாந்து நாட்டு ரொக் கோஷ்டி ஒன்றை. அதன் பெயரை இன்றுவரை நான் சரியாக உச்சரித்ததில்லை. தொண்டைக்குள் காற்றுப் போய் மூக்கால் வரவேண்டிய பெயர் அது. வசந்தி வைத்த பெயர்தான் எங்கள் வீட்டில் நிலைத்தது: பனிமூட்டக் கோஷ்டி. கடையில் போனதும் அவர்களின் பாட்டுத்தான்.

அந்தக் கோஷ்டி ஒருநாள் திடீரென்று சிரிக்கத் தொடங்கியது. அதனால் என் மிகப் பெரிய சிநேகிதம் ஒன்று முறியப் பார்த்தது. அந்தக் கதையை எழுத வேண்டும் என்று கடையில் காசு கட்டும் வரிசையில் நிற்கும்போதே தீர்மானித்துவிட்டேன்.

2

எய்னார் ஐஸ்லாந்துக்காரன். என்னை விட இரண்டு முழம் உயரம், தாடி முழுக்க நரை. பிராண்டேயில் காற்றாலைச் சிறகுகள் செய்யும் தொழிற்சாலையில் அவனும் நானும் ஒரே பகுதியில் வேலை செய்கிறோம். ஒரு சிறகின் நீளம் எங்கள் ஊர்ப் பெருந்தெருவில் கால்வாசியை அடைத்துவிடும். அதன் வயிற்றுக்குள் புகுந்து கண்ணாடி நார்த் துணியைச் சுருக்கம் விழாமல் விரிப்பது எங்கள் வேலை. குனிந்து செய்ய வேண்டிய வேலை என்பதால் அவனுடைய உயரம் அங்கே ஒரு தண்டனை. "கடவுள் உன்னை இந்த வேலைக்கு அளவெடுத்துத்தான் படைச்சிருக்கிறார்" என்று என்னிடம் சொல்வான்.

நான் டென்மார்க்கில் இருக்கலாம் என்று முடிவெடுக்க இந்த நாட்டுக்கு நெடுங்காலம் பிடித்தது. விசாரணை, மறுவிசாரணை, காத்திருப்பு, திரும்பவும் காத்திருப்பு. எய்னார் கப்பலால் இறங்கிக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு அடுத்த கிழமை வேலைக்குப் போனவன். ஆனால் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மரியாதைதான். நாங்கள் என்ன சொன்னாலும் டேனிஷ்காரர் காதைச் சரித்து, "என்ன?" என்று கேட்பார்கள். அவன் பள்ளிக்கூடத்தில் டேனிஷ் படித்தவன், ஆனால் ரகரத்தைக் கல்லு உருட்டுவது போல உருட்டுவான். என் நாக்கிலோ கோழிக்கும் தேவாலயத்துக்கும் உரிய டேனிஷ் சொற்கள் ஒன்றாகத்தான் வரும். ஒரு திங்கட்கிழமை, நேற்று வீட்டில் என்ன விசேஷம் என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, ஒரு தேவாலயத்தை வெட்டிக் கறி வைத்தோம் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எய்னார் மட்டும் முகம் மாறாமல், "உறைப்பாய் வைச்சனீங்களோ?" என்று கேட்டான். அன்றைக்கே அவனை எனக்குப் பிடித்துவிட்டது. அவன் டேனிஷில் சொன்னவற்றை நான் இங்கே எங்கள் தமிழில் தருகிறேன். எங்கள் தமிழ் அவன் வாய்க்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அவனும் இக்காஸ்டில்தான் இருக்கிறான். இரண்டு பேரும் ஒரு காரில் போவது என்று ஒழுங்கு செய்தோம். ஒரு கிழமை என் கார், மறு கிழமை அவன் கார். யாருடைய காரோ அவருடைய பாட்டு. என் கிழமையில் அவன் தேவாரத்தையும் நாதஸ்வரத்தையும் பொறுமையாகக் கேட்டான். நாதஸ்வரத்தைக் கேட்டு, "இது என்ன பிராணி?" என்று ஒரேயொரு தடவை கேட்டான். அவனுடைய கிழமையில் நான் பனிமூட்டத்தைக் கேட்டேன்.

தொடக்கத்தில் எனக்கு அது பாட்டாகவே தெரியவில்லை. ஒரு சத்தம் தூரத்தில் தொடங்கும். பிராண்டே பாதி வழி வந்தாலும் அது தூரத்திலேயே இருக்கும். பிறகு ஒருத்தன் மெல்லிய குரலில் யாரையோ தேடுவது போல இழுப்பான். நான் நித்திரை கொண்டுவிடுவேன். வசந்தி ஒருநாள் எங்களுடன் வந்தவள், இறங்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "ஆரும் செத்தவையோ?"

3

எனக்குத் துளசி என்று ஒரு மகள். ஓகூஸ் நகரத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். இருபது வருசமாக வீட்டில் நடக்கும் சம்பாசணை இப்படித்தான். ஆனால் ஒரு வேடிக்கை. தமிழ் சினிமாப் பாட்டென்றால் அவளுக்கு உயிர். சொல்லில் பாதி விளங்காது, ஆனாலும் குசினியில் குத்துப் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். நான் வரவேற்பறையில் ஐஸ்லாந்துப் பனிமூட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். "அப்பா, உங்கடை சோகப் பாட்டை நிப்பாட்டுங்கோ" என்று டேனிஷில் கத்துவாள். பிள்ளைகள் எங்கள் பண்பாட்டை விட்டுப் போகிறார்கள் என்று கூட்டங்களில் கவலைப்படுகிறவர்கள் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்.

நித்திரை கொள்ள வைத்த அந்தப் பாட்டு எனக்குள் எப்படிப் புகுந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஓர் அண்ணை இருந்தார். சண்டைக் காலத்தில், ஒரு பின்னேரம் சந்தியில் பீரங்கிச் செல் விழுந்து இறந்துபோனார். நான் அப்போது இங்கே அகதி முகாமில் இருந்தேன். செய்தி, முகாமின் நடைபாதையில் இருந்த தொலைபேசியில் வந்தது. பச்சைச் சுவர். எனக்குப் பின்னால் மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள். நான் சரி, சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். செத்த வீட்டுக்குப் போகவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் அழுகைக்கு ஓர் இடம் கிடைக்காமலே போய்விட்டது.

பல வருசத்துக்குப் பிறகு, ஒரு மாரிக் காலைப்பொழுதில், எய்னாரின் காரில் பிராண்டேக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெளியே எதுவும் தெரியவில்லை. காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் பனிக்குள் அணைந்து அணைந்து எரிந்தன. வழக்கமான பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த மெல்லிய குரல் இழுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் உடைந்தது. நானும் அங்கே உடைந்தேன். ஏங்கி ஏங்கி அழுதேன்.

எய்னார் பாட்டை நிறுத்தவில்லை. தொழிற்சாலை வாசலைத் தாண்டிப் போய், ஒரு பண்ணைப் பாதைக்குள் காரை விட்டு, பாட்டு முடியும் வரை முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணையைப் பற்றிச் சொன்னேன். வசந்திக்குக் கூட அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் பிந்தினோம். டயர் காற்றுப் போய்விட்டது என்று எய்னார் மேற்பார்வையாளரிடம் பொய் சொன்னான்.

அதன் பிறகு என் கிழமையிலும் பனிமூட்டம்தான்.

4

ஓர் இலையுதிர் காலத்தில் அந்தக் கோஷ்டி புதிய இசைத்தட்டு ஒன்றை வெளியிடப்போகிறது என்று தெரிந்தது. எய்னார் கலியாண வீட்டுக்கு நாள் எண்ணுவது போல இருந்தான். அடுத்த கோடையில் ஓகூஸில் அவர்களின் நிகழ்ச்சியும் இருந்தது. இரண்டு பேருக்கும் அவனே நுழைவுச்சீட்டு வாங்கி, என்னுடையதை என் கையில் தந்தான்.

புதிய பாட்டு வந்த காலையில் அவன் காரில் ஏறினேன். அவன் ஒரு பூசைக்குத் தயாராவது போலக் கண்ணாடியை எல்லாம் மூடிவிட்டுத் தொடங்கினான்.

தூரத்தில் சத்தம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே முரசு. அதற்கு மேல் கைதட்டல். பிறகு எக்காளம், அதற்குப் பின்னால் ஒரு கூட்டம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருவது போலச் சேர்ந்து பாடினார்கள். யாரையோ தேடித் திரிந்த அந்த மெல்லிய குரல், தேடினவரைக் கண்டுவிட்டது போலக் கூவியது.

எனக்கு முதுகு நிமிர்ந்தது. காரின் முன்தட்டில் என் விரல்கள் தாமாகத் தட்டின.

எய்னார் பாட்டைப் பாதியில் நிறுத்தினான்.

"கெட்டுப் போட்டாங்கள்" என்றான்.

"ஏன், நல்லாத்தானே கிடக்கு."

"இதோ? இது பிள்ளையளின்ரை பிறந்தநாளுக்குப் போடுற பாட்டு."

"பிறந்தநாளும் வாழ்க்கையிலை வாறதுதானே."

அவன் வானொலியைப் போட்டான். அந்தக் கிழமை முழுக்க வானொலிச் செய்திதான். மறு கிழமை என் கார். நான் புதிய பாட்டைப் போட்டேன். வேண்டுமென்றுதான் போட்டேன், ஆனால் பகிடிக்கு. குளிக்கும்போதும் தோட்டத்தில் புல்லு வெட்டும்போதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வசந்தி கூட, "இப்பதான் இவங்களுக்கு ஆரோ சாப்பாடு குடுத்திருக்கினம்" என்று சொல்லியிருந்தாள்.

எய்னாரின் முகம் சிவந்தது. "துக்கம் தெரியாதவன்தான் இப்பிடிப் பாடுவான். நீ உன்ரை அண்ணையைப் பறிகுடுத்தவன். உனக்கு எப்பிடி இது பிடிக்குது?" என்றான்.

"என்ரை அண்ணையை இதுக்குள்ள இழுக்காதை."

"நான் இழுக்கேல்லை. நீதான் மறந்திட்டாய்."

நான் தெரு ஓரமாகக் காரை நிறுத்திவிட்டேன். அடிக்கிற நோக்கம் எனக்கு இல்லை, அடித்தாலும் அவன் நெஞ்சுக்குத்தான் எட்டும். இந்த நாட்டில் ஒரேயொரு மனிதனிடம் சொன்ன விசயம். அதை எடுத்து அவன் என் முகத்தில் எறிந்துவிட்டான் என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் முதல் அவன் ரயிலில் போனான். இக்காஸ்டிலிருந்து ஹேர்னிங் போய், அங்கே மாறிப் பிராண்டே. காரில் போவதை விடப் பெரிய சுற்று. நான் தனியே காரில் போனேன். சிறகின் வயிற்றுக்குள் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு துணி விரித்தோம். மாரி போய் வசந்தம் வந்தது. வழியெல்லாம் மஞ்சள் மஞ்சளாகக் கடுகு பூத்தது. "பார், எவ்வளவு வடிவு" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்வேன்.

5

நிகழ்ச்சிக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. துளசிதான் விடவில்லை. தானும் ஒரு சீட்டு எடுத்துவிட்டதாகச் சொன்னாள். "சோகக் கோஷ்டி ஆடுதாம், அதை நான் பாக்க வேணும்" என்றாள், வழக்கம் போல டேனிஷில்.

யூன் மாதப் பின்னேரம். ஓகூஸில் ஒரு பெரிய புல்வெளி. வெயில் இறங்க இன்னும் நேரம் கிடந்தது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றியபடி தகப்பன்மார், புல்லில் கம்பளி விரித்துக் கிழங்குச் சலாட் சாப்பிடும் குடும்பங்கள். துக்கத்துக்கு வந்த ஒருவரையும் நான் அங்கே காணவில்லை.

முதலில் பழைய பாட்டு இரண்டு பாடினார்கள். அந்த வெயிலுக்குள்ளும் எனக்குப் பனிக் குளிர் எழுந்தது. பிறகு முரசு அடித்தது. எக்காளம் ஊதியது. புல்வெளி முழுவதும் ஒரே நேரத்தில் கைதட்டியது. துளசி குசினியில் ஆடும் குத்தாட்டத்தை அங்கேயே தொடங்கிவிட்டாள். பக்கத்தில் நின்ற டேனிஷ் பெட்டைகள் அவளைப் பார்த்து அதே மாதிரி ஆடப் பார்த்தார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. மேடைக்கு ஓரமாகக் கட்டியிருந்த பெரிய ஒலிபெருக்கியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணையின் குரல் கேட்டது. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், வண், டூ, திறீ."

அண்ணை ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். அதை நான் மறந்திருக்கவில்லை, யாராவது கேட்டால் சொல்லியிருப்பேன். ஆனால் அவரை நினைக்கும் போதெல்லாம் அந்தச் சந்தியும் செல்லும் பச்சைச் சுவரும்தான் வரும். அவற்றைத் தாண்டி அவரிடம் போக எனக்கு வழி இருந்ததில்லை. அந்தப் புல்வெளியில் அவர் முழு ஆளாக வந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, கழுத்தில் வயர்ச் சுருளைப் போட்டு, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்துக்கொண்டு. பல வருசத்துக்குப் பிறகு அவர் சிரித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். நான் ஆடத் தொடங்கினேன்.

ஆடிக்கொண்டே திரும்பினபோது எய்னாரைக் கண்டேன். வேலிக்குப் பக்கத்தில், அந்த வெயிலில் மழைச்சட்டை போட்டபடி தனியே நின்றான். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று நினைத்தேன். கிட்டப் போனதும் அழுகிறான் என்று தெரிந்தது.

நான் அவன் பக்கத்தில் நின்றேன். பாட்டு முடிந்ததும் அவனாகச் சொன்னான்.

"எங்கடை இடத்திலை செப்டெம்பரிலை ஆடுகளை மலையாலை இறக்கிறவை. சனம் முழுக்க வரும். ஆட்டைப் பிடிக்கிறது, பாடுறது, குடிக்கிறது, திரும்பப் பாடுறது. இந்தப் பாட்டிலை அந்தச் சத்தம் கிடக்கு, தயா. அப்பிடியே கிடக்கு."

"அது நல்லதுதானே."

"நான் வெளிக்கிடேக்கை, அங்கை இருட்டும் குளிரும்தான், வேறை ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். இவ்வளவு காலமும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன். பழைய பாட்டு எனக்குத் துணை நிண்டது. இது என்னை வீட்டை வா எண்டு கூப்பிடுது. அக்காவோடை கதைச்சு எத்தினை வருசம்."

அவன் மூக்கைச் சீறினான். "உன்ரை அண்ணையைப் பற்றிச் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

"அண்ணை இப்ப இஞ்சை வந்திட்டுத்தான் போறார்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். விளக்கம் சொல்ல நேரம் இருக்கவில்லை. அடுத்த முரசு தொடங்கிவிட்டது. எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்த துளசி இரண்டு பேரையும் ஆளுக்கு ஒரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எய்னார் ஆடியதை ஆட்டம் என்று சொல்ல முடியாது. இல்லாத ஆடொன்றைக் காலுக்கிடையில் அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவன் போல இருந்தான். ஆனால் நிறுத்தவில்லை.

6

வார விடுமுறைக்குத் துளசியும் எங்களுடன் இக்காஸ்டுக்கு வருவதாக இருந்தது. அவள்தான் என் காரை ஓட்டினாள். ரயிலில் வந்திருந்த எய்னார் பின் இருக்கையில் முழங்காலை மடித்துக்கொண்டு குறுக்காக இருந்தான். மழைச்சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். கார் ஓகூஸைத் தாண்டும்போதே தொலைபேசியை எடுத்து அக்காவை அழைத்தான். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. மறுமுனையில் ஒரு பெண் குரல் முதலில் ஏசியது, பிறகு அழுதது, பிறகு சிரித்தது. கதைத்து முடிந்ததும், "செப்டெம்பருக்கு வரச் சொல்லுறா. உங்களையும்தான்" என்றான்.

"பெரியப்பா வந்தவர் எண்டு எய்னாருக்குச் சொன்னனீங்களே, அது என்ன?" என்று துளசி டேனிஷில் கேட்டாள். அவளுக்கு அவர் எங்கள் சாமியறையில் மாலை போட்ட ஒரு படம், அவ்வளவுதான். வருசத்தில் ஒருநாள் அந்தப் படத்துக்கு முன்னால் நாங்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். வேறு எதையும் நான் அவளுக்குச் சொன்னதில்லை.

நான் அவரைப் பற்றி ஒரு கலியாண வீட்டுக் கதையைச் சொன்னேன்.

அண்ணை ஒரு கலியாண வீட்டுக்கு ஒலிபெருக்கி கட்டப் போயிருந்தார். விடியவே போய்ப் பனையில் ஏறிக் குழாயைக் கட்டிவிட்டு வந்து காலைச் சாப்பாட்டுக்கு இருந்தார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து, தன் உதவிக்காரனிடம் மனதில் உள்ளதைச் சொன்னார்: "பொம்பிளையின்ரை தேப்பன் மகா கஞ்சனடா. இடியப்பம் ரெண்டு வைச்சவர். சம்பலைக் கண்ணாலை காட்டிப்போட்டுக் கொண்டு போட்டார். சொதிக்குள்ள என்ரை முகம் தெரிஞ்சுது." மைக்கை நிறுத்த அவர் மறந்திருந்தார். பனை உச்சியில் இருந்த குழாய் அதைக் கோயிலடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. மாப்பிள்ளை வீட்டாரும் கேட்டார்கள், ஐயரும் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தகப்பன் ஒரு சுளகு நிறைய இடியப்பமும் ஒரு சட்டி சம்பலும் கொண்டுவந்து அண்ணைக்கு முன்னால் வைத்தார். ஏசவில்லை. மைக்கை எடுத்து, "தம்பி இப்ப சாப்பிடத் தொடங்கிறார்" என்று ஊருக்கு அறிவித்தார். அண்ணை ஒவ்வொரு இடியப்பமாகச் சாப்பிட, அவர் பக்கத்தில் இருந்து எண்ணி எண்ணி மைக்கில் சொன்னார். முகூர்த்தம் நெருங்கிய பிறகும் மணவறைக்கு ஒருவரும் வரவில்லை. சனம் முழுவதும் அண்ணையைச் சுற்றி நின்றது. கடைசியில் அண்ணை மைக்கைப் பறித்து, "ஊரவரே, நான் சொன்னது பிழை. இவர் கர்ணன். என்னைக் காப்பாத்துங்கோ" என்றார்.

துளசிக்கு முதலில் மூச்சு அடைத்தது. பிறகு அவள் சிரித்த சிரிப்பில் காரின் சக்கரம் ஆடியது. தெரு ஓரத்தில் இருந்த தரிப்பிடத்துக்குள் காரை விட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். பின்னால் இருந்த எய்னார், "என்ன, என்ன?" என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதை முழுவதையும் அவனுக்கு டேனிஷில் திருப்பிச் சொன்னாள். சுளகு, சம்பல், சொதியில் தெரிந்த முகம், ஒன்றையும் விடவில்லை. என் தமிழ் அவளுக்கு இவ்வளவு தூரம் விளங்குகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எய்னார் சிரிக்கத் தொடங்க, அவள் திரும்பவும் முதலில் இருந்து சிரித்தாள்.

பிறகு சமிக்ஞை விளக்கைப் போட்டுவிட்டு, தெருவைப் பார்த்தபடி, தமிழில் கேட்டாள்: "பெரியப்பா வேறை என்ன செய்தவர்? சொல்லுங்கோ அப்பா."

சொன்னேன். சைக்கிள் கதை, பாதிரியாரின் நாய்க் கதை, தேர்த் திருவிழாவில் இரண்டு கோயிலுக்கும் ஒரே பாட்டைப் போட்ட கதை. எனக்கே தெரியாமல் எனக்குள் கிடந்த கதைகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்தன. இக்காஸ்ட் வந்தது. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. எய்னாரின் வீட்டைக் கடந்தோம். தன்னை இறக்கிவிடும்படி அவன் கேட்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் வசந்தி வந்து நின்றதைக் கண்டேன். துளசி அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு, காரை நிறுத்தாமல் இன்னொரு சுற்றுக்குத் திருப்பினாள்.